குற்றாலத்தில் படுத்த பேட்டரி

சாரல் சீசனில் ஐந்தருவிப் பக்கம் அடிக்கடி காணக் கிடைக்கும் காட்சி இது. குளித்துவிட்டு ஈரத் துண்டோடு வந்து சாவியைத் திருப்பினால் ‘டக்’கென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். “குளிர்ல பேட்டரி இறங்கிருச்சு” என்று பக்கத்து வண்டிக்காரர் தீர்ப்பே சொல்லிவிடுவார்.

பாவம், சாரல். உறைபனி விழும் ஊர்களில் அந்தத் தீர்ப்பு சரி. ஈய-அமில பேட்டரிக்கு 25 டிகிரியை ஒட்டிய சூடுதான் சுகம். குற்றாலத்துக் குளுமை அதைக் கெடுக்காது. கெடுத்தது மே மாத வெயில்.

பாளையங்கோட்டையிலும் மதுரையிலும் 40 டிகிரி அடிக்கும்போது பானெட்டுக்குள் இன்னும் கொதிக்கும். ஓடிவந்த வண்டியை நிறுத்தியதும் காற்றோட்டம் நின்று, எஞ்சின் சூடு அங்கேயே அடைந்துகொள்ளும். பேட்டரித் தண்ணீர் வற்றும். உள்ளே ஈயத் தட்டுகளின் சட்டம் வேகமாக அரித்துப்போகும். 10 டிகிரி கூடினால் ஆயுள் பாதி என்பது தோராயக் கணக்கு. அரிப்பு அன்றைக்கே காட்டிக்கொடுக்காது. ஜூனில் தென்காசி தாண்டி நெரிசலில் ஊரும்போது வைப்பர், ஹெட்லைட், ஏசி எல்லாம் கரண்டைக் கேட்கும். ஐடிலிங்கில் ஆல்டர்னேட்டர் திணறும். அப்புறம் கதவைத் திறந்துபோட்டு ஒரு மணி நேரம் பாட்டு வேறு! நலிந்த பேட்டரி எப்படித் தாங்கும்?

பேட்டரி இருக்கும் இடமும் முக்கியம். பெரும்பாலான கார்களில் அது எஞ்சினை ஒட்டியே உட்கார்ந்திருக்கிறது. பிஎம்டபிள்யூ போன்றவை பல மாடல்களில் அதை டிக்கியில் வைக்கின்றன. சூடு குறைவு; ஆனால் ஹைட்ரஜன் வாயு வெளியேற டியூப் வேண்டும், பேட்டரி மாற்றும்போது அதை மறுபடி மாட்டியாக வேண்டும். முன்பக்கம் இருந்தால், சில வண்டிகளில் பேட்டரியைச் சுற்றி ஒரு துணி உறையோ பிளாஸ்டிக் பெட்டியோ இருக்கும். ‘வீண் சாமான்’ என்று கழற்றி எறிபவர்கள் உண்டு. அது எஞ்சின் சூட்டைத் தடுக்கும் கவசம். புது பேட்டரிக்கும் அதையே மாட்டச் சொல்லுங்கள்.

சீசனுக்குக் கிளம்புமுன் மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள். இரவு முழுக்க நின்ற வண்டியில் 12.6 வோல்ட் காட்டினால் முழு சார்ஜ், 12.4க்குக் கீழே என்றால் சார்ஜ் போட்டு, லோடு டெஸ்ட் செய்யுங்கள். எஞ்சின் ஓடும்போது பொதுவாக 13.8 முதல் 14.4 வரை வர வேண்டும். வராவிட்டால் முதலில் ஆல்டர்னேட்டரையும் பெல்ட்டையும் பாருங்கள், பேட்டரியை அப்புறம் திட்டலாம்.