இரவிலும் சுடும் சுவர்: ஜொகூரின் பழைய வீடுகளுக்கு வெப்பக் காப்பு தேவையா?

இரவு ஒன்பது மணி. படுக்கையறையின் மேற்குச் சுவரில் உள்ளங்கையை வைத்தால் இன்னும் சுடுகிறது. ஜொகூரில் பழைய டெரஸ் வீட்டில் (பக்கச் சுவர்கள் ஒட்டி வரிசையாகக் கட்டிய வீடு) குடியிருப்பவர்களுக்கு இது பழகிப்போன சங்கதி. வெளிச்சுவருக்கு வெப்பக் காப்பு (வெப்பம் உள்ளே புகாமல் தடுக்கும் அடுக்கு) போடலாமா என்று நீங்கள் யோசித்தால், பணத்தை எடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

பொழுது சாய்ந்த பிறகும் சுவர் ஏன் சுடுகிறது?

பழைய தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகளில் பெரும்பாலும் நாலரை அங்குலச் செங்கல் சுவர்தான். இருபுறப் பூச்சையும் சேர்த்தால் ஏறக்குறைய ஆறு அங்குலம். செங்கல் வெப்பத்தை உடனே உள்ளே விடாது. வாங்கி வைத்துக்கொண்டு, மூன்று நான்கு மணி நேரம் கழித்து விடும். மாலை ஐந்து மணிக்குச் சுவர் குடித்த வெயில், நீங்கள் பாயை விரிக்கும் நேரத்தில் அறைக்கு வந்து சேர்கிறது.

காப்பு இதை எப்படித் தடுக்கும்?

பாறைப் பஞ்சு (பாறையை உருக்கி இழையாக்கிச் செய்த பலகை), நுரைப் பலகை போன்றவற்றுக்குள் காற்று அசையாமல் அடைபட்டிருக்கும். அசையாத காற்றின் வழியே வெப்பம் எளிதில் செல்லாது. இரண்டு அங்குலப் பாறைப் பஞ்சு, ஏறத்தாழ ஒரு மீட்டர் கனமுள்ள செங்கல் சுவருக்கு நிகராக வெப்பத்தைத் தடுக்கும்.

அப்படியானால் எல்லாச் சுவருக்கும் போடலாமா?

வேண்டாம். குளிர்நாடுகளில் குளிர்காலத்தில் வீட்டுக்கு உள்ளும் வெளியும் வெப்பநிலை இருபது டிகிரிக்கு மேலும் வேறுபடும். அங்கே ஒவ்வொரு சுவரும் முக்கியம். இங்கே பகலில் வெளியே 32 டிகிரி, ஏர்கோன் ஓடும் அறையில் 24, 25. இந்தச் சிறு வேறுபாட்டைவிட, சுவரில் நேராக அடிக்கும் வெயில்தான் நமக்குப் பெரிய தொல்லை.

ஜொகூர் பாரு நிலநடுக்கோட்டிலிருந்து ஒன்றரை டிகிரி வடக்கே இருக்கிறது. நண்பகல் சூரியன் ஆண்டு முழுவதும் உச்சிக்கு அருகில்தான் நிற்கும். ஆகவே வடக்கு, தெற்குச் சுவர்களைக் கூரையின் இறவாரமே ஓரளவு காத்துவிடும். தாழ்ந்து வரும் காலை வெயிலும் மாலை வெயிலும் இறவாரத்துக்குக் கட்டுப்படாது. கிழக்கும் மேற்கும்தான், அதிலும் குறிப்பாக மேற்கு, கவனிக்க வேண்டிய சுவர்கள்.

என் வீடு வரிசையின் நடுவில் இருக்கிறதே?

அப்படியென்றால் உங்களுக்கு முன்சுவரும் பின்சுவரும் மட்டுமே வெளிச்சுவர்கள். முதல் செலவைக் கூரைக்குச் செய்யுங்கள். நாள் முழுக்க வெயில் வாங்குவது அதுதான். சீலிங்கின் மேல் பஞ்சு விரிப்பது சுவர் வேலையைவிட எளிது. கார்னர் லாட், எண்ட் லாட் (வரிசையின் கடைசியில் இருக்கும்) வீட்டுக்காரர்களுக்கு நீண்ட பக்கச் சுவர் உண்டு. அது மேற்கைப் பார்த்திருந்தால் காப்பு போடுவதில் பொருள் உண்டு.

உள்பக்கம் ஒட்டினால் செலவு குறையுமே?

குறையலாம், ஆனால் பூஞ்சை வரக்கூடும். நம் ஊர்க் காற்றில் ஈரம் அதிகம். அந்த ஈரம் வெளியிலிருந்து குளிர்ந்த அறையை நோக்கிச் சுவர் வழியே வரும். உள்ளே பிளாஸ்டிக் விரிப்போ வினைல் சுவர்த்தாளோ ஒட்டியிருந்தால், அதன் பின்னால் தண்ணீராக நின்று கறுக்கும். குளிர்நாட்டில் ஈரத்தடுப்பை உள்பக்கம் வைப்பார்கள். நமக்கு அது வெளிப்பக்கம் இருக்க வேண்டும். வெளிநாட்டுக் காணொளியைப் பார்த்து அப்படியே செய்யாதீர்கள்.

வேலைக்கு முன் எவற்றைப் பார்க்க வேண்டும்?

முதலில் ஈரம். விரிசல், ஒழுகும் குழாய், அடியில் உப்புப் பூத்த பூச்சு இருந்தால் அவற்றைச் சரிசெய்து சுவரைக் காயவிடுங்கள். ஈரச் சுவரை மூடுவது நோயை உள்ளே வைத்துத் தைப்பதற்குச் சமம். வடகிழக்குப் பருவமழை கொட்டும் நவம்பர் முதல் ஜனவரி வரை இந்த வேலையைத் தொடங்க வேண்டாம்.

அடுத்தது கரையான். அது நுரையைத் தின்னாவிட்டாலும் குடைந்து வழி போடும். பலகையைத் தரையிலிருந்து அரை அடி மேலே தொடங்கச் சொல்லுங்கள். கரையான் ஏறினால் அந்த இடைவெளியில் கண்ணில் படும்.

மூன்றாவது தீ. 2017இல் லண்டனின் கிரென்ஃபெல் கோபுர அடுக்குமாடிக் குடியிருப்பில் மூண்ட தீயில் 72 பேர் இறந்தார்கள்; எரியக்கூடிய வெளிச்சுவர் உறை தீயை மேலே பரப்பியது. டெரஸ் வீட்டில் உங்கள் சுவரை ஒட்டி அண்டை வீட்டார் உறங்குகிறார்கள். எரியாத பாறைப் பஞ்சையே கேளுங்கள்.

கடைசியாக, உங்கள் பகுதி நகராண்மைக் கழகத்திடமோ மாநகர் மன்றத்திடமோ அனுமதி வேண்டுமா என்று கேளுங்கள். ஜொகூர் பாரு, இஸ்கந்தர் புத்ரி, பாசிர் கூடாங் ஆகியவற்றுக்குத் தனித்தனி மாநகர் மன்றங்கள் இருக்கின்றன.

பலகை வீட்டுக்கும் இது பொருந்துமா?

பொருந்தாது. தோட்டத்து லயத்திலும் புதுக்கிராமத்திலும் இருக்கும் பலகைச் சுவர் வெப்பத்தைச் சேர்த்து வைக்காது. பொழுது சாய்ந்ததும் ஆறிவிடும். அதை மூடினால் மரம் உளுத்துப்போகும். கூரைக்கடியில் காற்று புகுந்து வெளியேற வழி விடுங்கள், போதும்.

கையில் அவ்வளவு பணம் இல்லையென்றால்?

மேற்குச் சுவருக்கு நிழல் கொடுங்கள். மூங்கில் தட்டி, சுவரைத் தொடாமல் கம்பியில் ஏறும் கொடி, சற்றுத் தள்ளி நட்ட மரம், எதுவானாலும் சரி. பிறகு வெள்ளை அல்லது வெளிர்நிறச் சாயம் பூசுங்கள். அடர்நிறச் சுவரைவிட அது மிகக் குறைவாகவே வெயிலை உறிஞ்சும். பலருக்கு இவ்விரண்டுமே போதுமானதாக இருக்கும்.

ஒன்றை மறக்க வேண்டாம். காப்பு குளிரை உண்டாக்காது. வெப்பம் வருவதைத் தாமதப்படுத்திக் குறைக்கும், அவ்வளவுதான். ஏர்கோன் இல்லாத அறையில் இரவில் சன்னலைத் திறக்காவிட்டால், உள்ளே சேர்ந்த சூடு வெளியேற வழியில்லாமல் தங்கிவிடும்.

ஒரு சோதனை செய்யுங்கள். நல்ல வெயில் அடித்த நாளின் இரவில், ஒவ்வொரு சுவரிலும் கை வைத்துப் பாருங்கள். சீலிங்கையும் எட்டித் தொடுங்கள். எது அதிகம் சுடுகிறதோ, உங்கள் பணம் முதலில் அங்கே போகட்டும்.