கிட்டார் கம்பெனிக்குப் போட்டி யார்?

2018 மே முதல் தேதி, அமெரிக்காவின் கிப்சன் நிறுவனம் திவால் பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் போனது. 1902-ல் தொடங்கிய கம்பெனி அது. அதன் லெஸ் பால் கிட்டாருக்கு உலகெங்கும் ரசிகர்கள் உண்டு. அப்போது பலரும் சொன்ன காரணம் ஒன்றுதான்: ராக் இசை மங்கிவிட்டது, இளைஞர்கள் கம்ப்யூட்டரில் இசையமைக்கிறார்கள், இனி கிட்டாரை யார் வாங்குவார்கள்? கேட்கச் சரியாகத்தான் இருந்தது. ஆனால் இரண்டே ஆண்டுகளில், 2020 ஊரடங்குக் காலத்தில், இன்னொரு பெரிய நிறுவனமான ஃபெண்டர் தன் வரலாற்றிலேயே அதிக விற்பனை கண்டது. கிப்சனிலும் கிட்டார் பிரிவு லாபத்தில்தான் இருந்தது; கம்பெனியைக் கவிழ்த்தது வேறு தொழில். ஆகவே வாங்க ஆள் இல்லை என்ற விளக்கம் நிற்காது. கிட்டார் தொழிலின் சிக்கல் அந்தப் பொருளின் இயல்பிலேயே இருக்கிறது. நல்ல கிட்டார் எளிதில் அழிவதில்லை. அதனால் கம்பெனிக்குக் கடும் போட்டியாக நிற்பது அது நேற்றுச் செய்து விற்ற கிட்டார்தான்.

செல்போன் மூன்று நான்கு ஆண்டுகளில் பழசாகிவிடும். கிட்டாரோ பாட்டி காலத்துப் பித்தளை அண்டாவைப் போல. அடுத்த தலைமுறைக்கும் உழைக்கும். மாடலும் பெரிதாக மாறுவதில்லை. 1954-ல் ஃபெண்டர் அறிமுகப்படுத்திய ஸ்ட்ராட்டோகாஸ்டர் ஏறக்குறைய அதே வடிவத்தில்தான் இன்றும் விற்கிறது. 1958 முதல் 1960 வரை வந்த லெஸ் பால் ஸ்டாண்டர்ட் அன்று சரியாக விலைபோகாததால் 1961-ல் கிப்சன் அதன் வடிவத்தையே மாற்றியது. பிறகு எரிக் கிளாப்டன் போன்ற கிட்டார் கலைஞர்கள் அந்தப் பழைய கிட்டார்களைத் தேடி வாங்கி வாசித்தார்கள். கிராக்கி ஏறவே, 1968-ல் கிப்சன் லெஸ் பாலை மறுபடி கொண்டுவந்தது. இன்று அந்தப் பழைய கிட்டார் ஒன்று லட்சக்கணக்கான டாலருக்குக் கைமாறுகிறது. அதில் ஒரு காசுகூடக் கம்பெனிக்குப் போவதில்லை. மரமும் பழசின் பக்கமே நிற்கிறது. பிரேசில் ரோஸ்வுட் கிடைப்பது அரிதானதால், மார்ட்டின் என்ற கிட்டார் நிறுவனம் 1969-ஐ ஒட்டி இந்திய ரோஸ்வுட்டுக்கு, அதாவது நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் வளரும் ஈட்டி மரத்துக்கு, மாறியது. அதற்கு முன் செய்தவற்றுக்கு இன்று தனி விலை. 1995 முதல் ஃபெண்டரே புதுக் கிட்டாரைச் சுரண்டித் தேய்த்து, பழசு போலாக்கி அதிக விலைக்கு விற்கிறது.

இந்த இயல்பைப் புரிந்துகொள்ளாத முதலாளிகள் அடிபட்டார்கள். 1965-ல் சி.பி.எஸ். என்ற ஒலிபரப்பு நிறுவனம் 1.3 கோடி டாலருக்கு ஃபெண்டரை வாங்கி உற்பத்தியைப் பெருக்கியது. தரம் சரிந்தது. ‘சி.பி.எஸ்.ஸுக்கு முந்தையது’ என்பதே சந்தையில் ஒரு தர முத்திரையாகிவிட்டது. புதுச் சரக்குக்கு எதிராக இதைவிடப் பெரிய விளம்பரம் பழசுக்குத் தேவையில்லை. 20 ஆண்டு கழித்து, 1985-ல், பில் ஷுல்ட்ஸ் தலைமையிலான ஊழியர் குழு ஃபெண்டரை வாங்கியது 1.25 கோடி டாலருக்கு. ஃபெண்டரின் ஃபுல்லர்ட்டன் ஆலை அந்த விற்பனையில் சேரவில்லை என்பது உண்மைதான். ஆனாலும் இடைப்பட்ட விலைவாசி உயர்வைக் கணக்கிட்டால் அது பெரும் சரிவு. கிப்சனும் அடுத்த ஆண்டே வெறும் 50 லட்சம் டாலருக்குக் கைமாறியது. புதிய உரிமையாளர்கள் அதைத் தூக்கி நிறுத்தினார்கள். ஆனால் கிட்டாரில் கிடைத்த வளர்ச்சி போதாமல், 2014-ல் பிலிப்ஸின் ஆடியோ தொழிலை 13.5 கோடி டாலருக்கு வாங்கினார்கள். அந்தச் சுமைதான் 2018-ல் கழுத்தை நெரித்தது.

இதெல்லாம் வெளியிலிருந்து வந்த முதலாளிகளின் பேராசை, குடும்பக் கம்பெனியென்றால் இப்படி ஆகாது என்று சிலர் சொல்லலாம். 1833 முதல் ஒரே குடும்பத்தின் கையில் இருக்கும் மார்ட்டின் அதற்கு விலக்கல்ல. 1970-களின் தொடக்கத்தில் அதுவும் பேஞ்ஜோ, டிரம்ஸ் செய்யும் கம்பெனிகளை வாங்கிப் போட்டது. 1971-ல் ஆண்டுக்கு 22,000-ஐத் தாண்டிய அதன் கிட்டார் உற்பத்தி 1982-ல் மூவாயிரம் அளவுக்கு விழுந்தது. அந்தத் தொழில்களைக் கைவிட்டு, கிட்டாருக்கும் தந்திக்கும் திரும்பிய பிறகே மீண்டது. மறுபக்கம், திவாலான கிப்சனை எடுத்து நடத்தியது கே.கே.ஆர். என்ற முதலீட்டு நிறுவனம். அது எலெக்ட்ரானிக்ஸை உதறிவிட்டுக் கிட்டாரில் நின்றதால் கம்பெனி பிழைத்தது. ஆக, முதலாளி யார் என்பதைவிட அவர் வளர்ச்சியை எங்கே தேடுகிறார் என்பதே முக்கியம்.

ஆசியாவின் மலிவான சரக்குதான் உண்மையான எதிரி என்பது இன்னொரு வாதம். ஆனால் அதில் பெரும்பங்கு இந்தக் கம்பெனிகளுடைய சொந்தச் சரக்கே. ஃபெண்டர் 1982-ல் ஜப்பானில் ஸ்கொயர் என்ற பெயரில் மலிவு வரிசையைத் தொடங்கியது. கிப்சனின் எபிஃபோன் 1970 முதலே ஆசியாவில் தயாராகிறது. மலிவுக் கிட்டார் சந்தையைக் கெடுக்கவில்லை. வாடிக்கையாளரை உள்ளே அழைத்து வருகிறது. அழைத்து வந்தவர்களைத் தக்கவைக்க முடியாததுதான் நஷ்டம். ஃபெண்டர் ஒரு கணக்கு எடுத்துப் பார்த்தது. விற்கும் கிட்டார்களில் 45 சதவீதம் புதிதாகக் கற்பவர்கள் கைக்குப் போகிறது. அவர்களில் 90 சதவீதம் பேர் ஓராண்டுக்குள் விட்டுவிடுகிறார்கள். விட்டவர்களின் கிட்டாரும் பழைய சந்தைக்குத்தான் வந்து சேரும்; அடுத்த புதுக் கிட்டாரின் விற்பனையைத் தின்னும். அதனால்தான் 2017-ல் ஃபெண்டர் இணையவழிப் பாடங்களைத் தொடங்கியது. ஊரடங்கில் மூன்று மாதம் இலவசம் என்று அறிவித்ததும் கிட்டத்தட்ட பத்து லட்சம் பேர் சேர்ந்தார்கள்.

அழியாத பொருளை விற்பவருக்கு மிச்சமிருக்கும் வழி இதுதான். இருப்பவர்களிடம் இன்னொன்றைத் திணிப்பதோ, தெரியாத தொழிலில் பணத்தைக் கொட்டுவதோ நிலைக்காது. வாசிக்கத் தெரிந்தவர்களின் எண்ணிக்கை கூடினால்தான் பழசும் புதுசும் சேர்ந்து விலைபோகும். கற்றுக்கொடுப்பதை விளம்பரச் செலவாக எழுதிவைக்கும் கிட்டார் கம்பெனி ஏமாந்துபோகும். அதை முதலீடாக நினைப்பதே நிற்கும்.