பெயர் தெரியாத இரண்டு குழந்தைகள்

"டைட்டானிக்" கப்பலில் தப்பிய அண்ணன்-தம்பி கதை

1912-ம் ஆண்டு ஏப்ரல் 18-ந் தேதி இரவு. அமெரிக்காவில் உள்ள நியூயார்க் துறைமுகத்துக்கு "கார்பேத்தியா" என்ற கப்பல் வந்து சேர்ந்தது. நடுக்கடலில் மூழ்கிய "டைட்டானிக்" கப்பலில் இருந்து உயிர் தப்பியவர்கள் அதில் வந்தார்கள். சுமார் 700 பேர்.

அவர்களில் இரண்டு சிறுவர்கள் இருந்தார்கள். மூத்தவனுக்கு 4 வயது இருக்கும். இளையவனுக்கு 2 வயது. துணைக்கு யாரும் இல்லை. இங்கிலீஷில் கேட்டால் அவர்களுக்குப் புரியவில்லை. பிரெஞ்சு மொழியில் எதைக் கேட்டாலும், மூத்தவன் "ஆமாம்" என்றுதான் சொன்னான்.

யார் பெற்ற பிள்ளைகள்? எந்த ஊர்? யாருக்கும் தெரியவில்லை.

கப்பல் பட்டியலில் அவர்களுடைய தகப்பனார் பெயர் "ஹாப்மன்" என்று இருந்தது. குழந்தைகளை லோலோ, மோமோன் என்று அழைத்தார்கள்.

லோலோவும் மோமோனும் வெறும் செல்லப் பெயர்கள். ஹாப்மன் என்பதோ பொய்ப் பெயர்!

தையல்காரர்

பிரான்ஸ் நாட்டின் தென்கோடியில் கடற்கரை ஓரமாக நீஸ் என்ற அழகிய நகரம் இருக்கிறது. அங்கே தையல் தொழில் செய்து வந்தவர் நவ்ராத்தில். அவருடைய மனைவி மார்செல். இவர்களுக்கு இரண்டு ஆண் குழந்தைகள். மூத்தவன் மிஷேல். 1908-ல் பிறந்தவன். இளையவன் எட்மண்ட். 1910-ல் பிறந்தவன்.

கணவன்-மனைவிக்குள் ஒற்றுமை இல்லை. இருவரும் பிரிந்தார்கள். குழந்தைகள் தாயிடம் இருந்தார்கள்.

1912-ம் ஆண்டு ஈஸ்டர் பண்டிகை வந்தது. பண்டிகைக்குக் குழந்தைகளைத் தகப்பனாரிடம் அனுப்பினாள் மார்செல். பிறகு திரும்ப அழைத்து வரப் போனாள். வீட்டில் யாரும் இல்லை. கணவரையும் காணோம். பிள்ளைகளையும் காணோம்!

நவ்ராத்தில் பிள்ளைகளோடு இங்கிலாந்துக்குப் போய்விட்டார். "ஹாப்மன்" என்பது அவருடைய நண்பர் ஒருவரின் பெயர். அந்தப் பெயரில் "டைட்டானிக்" கப்பலில் இரண்டாம் வகுப்பு டிக்கெட் வாங்கினார். அமெரிக்காவில் புது வாழ்வு தொடங்க வேண்டும் என்பது அவர் ஆசை.

கப்பலில் யாராவது கேட்டால், மனைவி இறந்துவிட்டதாகச் சொன்னார். குழந்தைகளைக் கண்ணை விட்டு அகல விடவில்லை. ஒரே ஒரு முறை அவர் சீட்டு விளையாடப் போனார். அப்போதும், ஒரு இளம் பெண்ணைக் குழந்தைகளுக்குக் காவல் வைத்துவிட்டுத்தான் போனார்.

கடைசிப் படகு

ஏப்ரல் 14-ந் தேதி இரவு 11.40 மணி. கப்பல் ஒரு பெரிய பனிப்பாறையில் மோதியது.

கப்பலில் சுமார் 2,200 பேர் இருந்தார்கள். உயிர் காக்கும் படகுகள் 20தான். எல்லாப் படகுகளும் நிரம்பினாலும் 1,178 பேர்தான் ஏற முடியும். பெண்களும் குழந்தைகளும் முதலில் ஏற வேண்டும் என்று உத்தரவு பிறந்தது.

மிஷேல் தூங்கிக்கொண்டிருந்தான். தகப்பனார் அவனை எழுப்பினார். குளிருக்கு அடக்கமாக உடை உடுத்தினார். அவனைத் தூக்கிக்கொண்டு மேல் தளத்துக்கு ஓடினார். முன்பின் தெரியாத ஒருவர் தம்பியைத் தூக்கி வந்தார்.

அதற்குள் அநேகமாக எல்லாப் படகுகளும் போய்விட்டன. மிச்சம் இருந்த ஒரு படகைச் சுற்றிக் கப்பல் சிப்பந்திகள் கைகோத்து நின்றார்கள். ஆண்களை உள்ளே விடவில்லை. நவ்ராத்தில் தம் பிள்ளைகளை அந்த வளையத்துக்குள் கொடுத்தார். அவர் வெளியே நின்றார்.

அப்போது அவர் மிஷேலிடம் ஒரு செய்தி சொன்னார். "உன் தாய் உன்னைத் தேடி வருவாள். நான் அவளை நேசித்தேன், இன்னமும் நேசிக்கிறேன் என்று சொல்" என்ற கருத்தில் தகப்பனார் பேசியதாக, மிஷேல் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார்.

அதிகாலை 2.20 மணிக்குக் கப்பல் மூழ்கியது. சுமார் 1,500 பேர் மாண்டார்கள். நவ்ராத்திலும் அவர்களில் ஒருவர்.

பத்திரிகையில் படம்

நியூயார்க்கில் குழந்தைகளுக்கு அடைக்கலம் கொடுத்தவர் மார்கரெட் ஹேஸ் என்ற மங்கை. அவரும் அதே கப்பலில் வந்து தப்பியவர். பிரெஞ்சு மொழி தெரிந்தவர். இருவரையும் தம் வீட்டில் வைத்துப் பராமரித்தார்.

"டைட்டானிக் அநாதைகள்" என்று பத்திரிகைகள் எழுதின. குழந்தைகளின் படங்கள் வெளியாயின. செய்தி கடல் கடந்து போயிற்று.

நீஸ் நகரில் மார்செல் அந்தச் செய்தியைப் பார்த்தாள். தன் பிள்ளைகள் கப்பல் ஏறிய விஷயமே அதுவரை அவளுக்குத் தெரியாது! அடையாளங்களைச் சொல்லி, அவர்கள் தன் பிள்ளைகளே என்று நிரூபித்தாள். கப்பல் கம்பெனியே அவளை அமெரிக்காவுக்கு அழைத்துச் சென்றது.

மே 16-ந் தேதி தாயும் பிள்ளைகளும் ஒன்றுசேர்ந்தார்கள். மூவரும் பிரான்சுக்குத் திரும்பினார்கள்.

கல்லறையில்

எட்மண்ட் கட்டடத் துறையில் வேலை பார்த்தார். இரண்டாம் உலகப் போரில் பிரெஞ்சுப் படையில் சேர்ந்தார். எதிரிகளிடம் சிறைப்பட்டுத் தப்பி வந்தார். உடல்நலம் கெட்டது. 1953-ல், 43 வயதில் காலமானார்.

மிஷேல் நன்றாகப் படித்து, தத்துவப் பேராசிரியர் ஆனார். தாம் 4 வயதிலேயே இறந்துவிட்டதாகவும், அதற்குப் பின் கிடைத்த வாழ்நாள் எல்லாம் இனாம் என்றும் அவர் சொல்வது உண்டு.

தகப்பனார் என்ன ஆனார்? அவருடைய உடலைக் கடலில் இருந்து எடுத்தார்கள். கனடா நாட்டில் உள்ள ஹாலிபாக்ஸ் நகரில் அடக்கம் செய்தார்கள். அவர் கத்தோலிக்கர். ஆனால் ஹாப்மன் என்ற பெயரைப் பார்த்து, யூதர் என்று நினைத்துவிட்டார்கள். யூதர்களின் இடுகாட்டில் புதைத்தார்கள். பிள்ளைகளை மறைக்க வைத்துக்கொண்ட பெயர், அவருடைய கல்லறை வரை கூடவே போயிற்று.

1996-ல் மிஷேல் ஹாலிபாக்ஸ் நகருக்குப் போனார். தந்தையின் கல்லறையை அப்போதுதான் முதல் முறையாகப் பார்த்தார். அவருக்கு அப்போது வயது 88. தந்தையைப் பிரிந்து 84 ஆண்டுகள் ஆகியிருந்தன.

2001-ம் ஆண்டு ஜனவரி 30-ந் தேதி, 92-வது வயதில் மிஷேல் காலமானார். "டைட்டானிக்" கப்பலில் தப்பிய ஆண்களில் கடைசியாக உயிரோடு இருந்தவர் அவரே.

தாயிடம் இருந்து பிள்ளைகளைப் பிரித்தவர் தகப்பனார். தாயிடம் பிள்ளைகள் திரும்பிப் போகட்டும் என்று படகில் ஏற்றி அனுப்பியவரும் அவர்தான்.