சோற்றை விட்டுக் களிக்கு மாறினால் சர்க்கரை இறங்குமா?

சித்தூர் மார்க்கெட்டில் மூட்டை இறக்கும் தொழிலாளி ஒருவர். சொந்த ஊர் குடியாத்தம். வயது நாற்பத்தாறு. சர்க்கரை வியாதி என்று தெரிந்த அன்று டாக்டர் அவரிடம், "மாவுச் சத்தைக் குறைத்துப் புரதச் சத்தைக் கூட்டுங்கள்" என்று சொல்லி அனுப்பினார். வீட்டுக்கு வந்ததும் அவர் செய்த முதல் காரியம், சோற்றுப் பானையை ஒதுக்கி வைத்ததுதான். அன்று முதல் பகலில் இரண்டு உருண்டை கேழ்வரகுக் களி, இரவில் நான்கு சப்பாத்தி.

மூன்று மாதம் கழித்து ரத்தத்தைச் சோதித்தால், சர்க்கரை ஏறக்குறைய பழைய இடத்திலேயே நின்றது. "சோறே துன்றதில்ல சார், அப்புறம் எப்படி?" என்று பரிசோதனை நிலையத்துப் பையனிடம் சண்டைக்குப் போய்விட்டார். அவர் பயத்துக்குக் காரணம் உண்டு. ஊரில் அவருடைய அண்ணனுக்கு இதே வியாதியால் காலில் இரண்டு விரல்களை எடுத்து விட்டார்கள். மூட்டை தூக்குகிறவனுக்குக் கால் போனால் பிழைப்பும் போனது.

சித்தூரிலும் திருப்பதியிலும் வந்து குடியேறிய தமிழர்களில் இப்படிச் சோற்றை விட்டுச் சங்கட்டிக்கு மாறியவர்கள் ஏராளம். ராயலசீமையின் சங்கட்டி நம் களிக்குச் சகோதரன்தான். "ராகி சாப்பிட்டால் சர்க்கரை வராது" என்ற பேச்சு டீக்கடை தோறும் கேட்கிறது. சோற்றுக்குப் பதில் எது என்று கேட்கிறார்களே தவிர, அந்த எதுவில் என்ன இருக்கிறது என்று பார்ப்பவர்கள் குறைவு.

குன்னூரில் தொடங்கிய கணக்கு

எந்த உணவில் எவ்வளவு சத்து என்று நாட்டுக்கே கணக்குச் சொல்லும் இடம், ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிலையம். இது பிறந்தது நம் நீலகிரியில். 1918-ல் குன்னூர் பாஸ்டர் நிலையத்தின் ஓர் அறையில் மக்காரிசன் என்ற பிரிட்டிஷ் டாக்டர் பெரிபெரி நோயை ஆராயத் தொடங்கினார். அது வளர்ந்து, 1958-ல் ஐதராபாத்துக்கு இடம் மாறியது. இந்திய உணவுகளின் சத்து அட்டவணை முதலில் 1937-ல் அய்க்ராய்டு என்ற டாக்டரால் வெளியிடப்பட்டது. பிறகு அதைத் திருத்தி விரிவாக்கி 1971-ல் புத்தகமாகக் கொண்டு வந்தவர்களில் முதன்மையானவர் டாக்டர் சி. கோபாலன். 1918-ல் சேலத்தில் பிறந்தவர். 2019-ல் தமது நூறாவது வயதில் காலமானார்.

வயிற்றுக்குப் போதாத ஏழைகளுக்கு எதைக் கொடுத்தால் உடம்பு தேறும் என்று கண்டுபிடிக்கவே அந்த அட்டவணையைப் போட்டார்கள். ஏழைக் குழந்தைக்கு முதலில் குறைவது வயிறு நிறையும் சாப்பாடுதான், புரதம் மட்டுமல்ல என்று கோபாலன் அந்நாளில் வாதாடினார். இன்று அதே அட்டவணையைச் சாப்பாட்டைக் குறைக்க வேண்டியவர்கள் புரட்ட வேண்டியதாகிவிட்டது.

அதில் கேழ்வரகைப் பாருங்கள். நூறு கிராமில் புரதம் 7.3 கிராம், மாவுச் சத்து 72 கிராம். தீட்டிய பச்சரிசியில் புரதம் 6.8, மாவுச் சத்து 78. கோதுமை மாவில் புரதம் 12. மாவுச் சத்து 69. 2017-ல் வந்த புதிய அட்டவணையில் நார்ச் சத்தைத் தனியாகப் பிரித்ததால் எண்கள் சற்று மாறுகின்றன. வரிசை பெரிதாக மாறவில்லை.

இனி நம் மூட்டைக்காரர் கணக்குக்கு வருவோம். முன்பு நாளொன்றுக்கு முந்நூறு கிராம் அரிசி என்று வைத்துக் கொண்டால், அதில் மாவுச் சத்து சுமார் 235 கிராம். இப்போது? இந்தப் பக்கத்துச் சங்கட்டி வெறும் ராகி மாவு அல்ல. முதலில் அரிசியைக் குழைய வேக வைத்து, அதன்மேல் மாவைக் கொட்டித்தான் துடுப்பால் கிண்டுகிறார்கள். இரண்டு உருண்டைக்கு மாவு 150 கிராம், அரிசி 50 கிராம். நான்கு சப்பாத்திக்கு மாவு 120 கிராம். கூட்டினால் மாவுச் சத்து 230 கிராம்! மூன்று மாதம் நாக்கைக் கட்டியதில் குறைந்தது ஐந்து கிராம். புரதம் இருபதிலிருந்து இருபத்தொன்பதாக ஏறியது, அவ்வளவே.

இதைப் பெரிய அளவிலும் பார்த்திருக்கிறார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் உதவியுடன் சென்னை மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிலையத்து டாக்டர்கள் ஆர்.எம். அஞ்சனா, வி. மோகன் முதலானோர் நாடு முழுவதும் 18 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் சாப்பாட்டை ஆராய்ந்தார்கள். முடிவு 2025-ல் வெளிவந்தது. நம் மக்கள் உண்ணும் சக்தியில் நூற்றுக்கு 62 பங்கு மாவுச் சத்திலிருந்தே வருகிறது. அரிசிக்குப் பதில் கோதுமை, சிறுதானியம் என்று மாற்றிக் கொள்வதால் மட்டும் நீரிழிவு அபாயம் குறைந்ததாகத் தெரியவில்லை. மாவுச் சத்தில் ஐந்து பங்கைக் கழித்து, அந்த இடத்தில் பருப்பு, பால், முட்டை, மீன் ஆகியவற்றின் புரதம் இருந்தவர்களுக்கு அபாயம் குறைவாக இருந்தது.

ராகியைக் குறை சொல்வதாக எண்ண வேண்டாம். நூறு கிராமில் 344 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து உள்ள தானியம் வேறு எது? வளரும் பிள்ளைக்கும் பாலூட்டும் தாய்க்கும் அது அமுதம்தான். சர்க்கரைக்காரருக்கு மட்டும், உருண்டை எத்தனை என்பதுதான் கேள்வி.

பன்னிரண்டு கிராம் தராசு

புரதம் எதில் அதிகம் என்று மட்டும் கேட்டால் பதில் குழப்பும். அந்தப் புரதத்தோடு எவ்வளவு மாவு சேர்ந்து வருகிறது என்றும் கேட்க வேண்டும். அதற்கு ஒரு சுலபமான தராசு கோழி முட்டை. இரண்டு முட்டையில் புரதம் சுமார் 12 கிராம். மாவுச் சத்து இல்லை என்றே சொல்லலாம். முட்டை வியாபாரத்தில் சித்தூருக்குத் தனிப் பெயர் உண்டு. 1982-ல் தொடங்கிய தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு தினந்தோறும் அறிவிக்கும் விலைப் பட்டியலில் சித்தூருக்கு என்று தனி வரி இருக்கிறது.

அந்தப் பன்னிரண்டு கிராம் புரதத்தை ராகியிலிருந்தே எடுப்பது என்றால் 165 கிராம் மாவு வேண்டும்; கூடவே 118 கிராம் மாவுச் சத்து உள்ளே போகும். அரிசி என்றால் 138. துவரம் பருப்பு 54 கிராம் போதும். மாவுச் சத்து 31. கொள்ளு, பச்சைப்பயறு, பொட்டுக்கடலை எல்லாம் ஏறக்குறைய இதே கணக்குத்தான். பசும்பால் என்றால் இரண்டு பெரிய தம்ளர். மாவுச் சத்து 16. ஆட்டுக்கறி, பன்னீர் இரண்டும் 65 கிராம் அளவில் வேலையை முடித்துவிடும். மாவு இல்லை, கொழுப்பு உண்டு.

இந்த மண்ணின் சொந்தச் சரக்கான நிலக்கடலையை மறக்கக் கூடாது. இங்கே அதைச் செனக்காய் என்பார்கள். 47 கிராம் கடலையில் பன்னிரண்டு கிராம் புரதம். மாவுச் சத்தும் அதே பன்னிரண்டுதான். பருப்பை விட எவ்வளவோ மேல். ஆனால் 19 கிராம் எண்ணெயும் அதில் இருக்கிறது. ஒரு கைப்பிடி என்றால் மருந்து; பொட்டலம் பொட்டலமாக என்றால் தொப்பை. பூஞ்சை பிடித்த, சுருங்கிக் கறுத்த பருப்பைப் பொறுக்கி எறிந்துவிட வேண்டும். அந்தப் பூஞ்சையின் நஞ்சு ஈரலைக் கெடுக்கக் கூடியது.

மளிகைக் கடையில் மீல்மேக்கர் என்று கேட்டால் கொடுக்கும் சோயா உருண்டையை ஏழையின் கறி என்றே சொல்லலாம். உலர்ந்த உருண்டை 23 கிராம் போதும் பன்னிரண்டு கிராம் புரதத்துக்கு; மாவுச் சத்து எட்டுக் கிராமுக்குள்.

கடலை மாவில் புரதம் இருக்கிறதே என்று திருமலை லட்டுக்கும் கணக்குப் போடும் அன்பர்கள் இருக்கிறார்கள். அதில் சர்க்கரையும் நெய்யும் எவ்வளவு என்று பெருமாளுக்கே தெரியும். பிரசாதத்தைப் பிரசாதமாகவே, ஒரு விள்ளல் வாயில் போட்டுக் கொள்வது உத்தமம்.

பப்பும் சாம்பாரும்

இங்கே ஒரு பொறி இருக்கிறது. அட்டவணையில் நூறு கிராம் பருப்பில் புரதம் 22, நூறு கிராம் முட்டையில் 13 என்று கண்டவுடன், "முட்டையை விடப் பருப்பே உசத்தி" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அந்த நூறு கிராம், வேகாத பருப்பு. அதை வேக வைத்தால் தண்ணீர் குடித்து இரண்டரை மடங்காகிவிடும். முட்டை வெந்தாலும் அதே முட்டைதான். ஓட்டலில் ஒரு கரண்டி சாம்பாரில் பத்துக் கிராம் பருப்பு இருந்தால் அந்த முதலாளி தர்மப் பிரபு! அதில் கிடைக்கும் புரதம் இரண்டு கிராம்.

இந்த விஷயத்தில் தெலுங்கு வீட்டுச் சமையலிடம் நாம் கற்றுக் கொள்ளலாம். அவர்களுடைய முத்தப்பப்பு கரண்டியில் எடுத்தால் கவிழ்த்தாலும் விழாது. ஒரு கிண்ணத்தில் நாற்பது கிராம் பருப்பாவது இருக்கும். ஒன்பது கிராம் புரதம். நாம் சாம்பாரைக் குளம் கட்டிச் சோற்றைக் கரைக்கிறோம்; அவர்கள் சோற்றோடு பப்பைப் பிசைகிறார்கள். சோற்றைக் குறைத்துப் பப்பைக் கூட்ட அவர்களுக்குச் சுலபம். தானியத்தில் குறையும் லைசின் பருப்பில் இருக்கிறது. பருப்பில் குறைவது தானியத்தில் இருக்கிறது. ஆகவே இரண்டையும் சேர்த்துண்பதில் அர்த்தம் உண்டு. அளவுதான் தலைகீழாக வேண்டும்.

மூட்டைக்காரருக்கு டாக்டரிடம் மறுபடியும் போன பிறகுதான் இந்தக் கணக்குப் புரிந்தது. இப்போது பகலில் ஒரே உருண்டை. அதோடு ஒரு கிண்ணம் கெட்டிப் பப்பு, கீரை. காலையில் இரண்டு முட்டை. மாலையில் போண்டாவுக்குப் பதில் கொள்ளுச் சுண்டல் அல்லது அவித்த கடலை ஒரு கைப்பிடி. இரவில் இரண்டு சப்பாத்தியும் ஒரு தம்ளர் தயிரும். சுண்டலும் கடலையும் இரண்டுமே உள்ள நாளில் கூட்டிப் பார்த்தால் மாவுச் சத்து 175 கிராமுக்கு இறங்குகிறது. புரதம் 58 கிராமுக்கு ஏறுகிறது. 65 கிலோ எடையுள்ள ஆணுக்கு நாளொன்றுக்கு 54 கிராம் புரதம் என்பது ஐதராபாத் நிலையத்தின் 2020-ம் ஆண்டுக் கணக்கு.

புரட்டாசி வந்தால்?

"அதெல்லாம் சரி, புரட்டாசியில முட்டைய வீட்டுக்குள்ள விடமாட்டேங்க" என்று அவர் மனைவி சொல்லிவிட்டார். வேங்கடவன் காலடியில் இருந்துகொண்டு வேறு எப்படிச் சொல்வார்? சனிக்கிழமையும் அப்படித்தான். அந்த நாட்களில் முட்டையின் இடத்தில் ஒரு பிடி மீல்மேக்கரைக் குழம்பில் போடுவது என்று ஏற்பாடு. பிள்ளைகளுக்கும் அது பிடித்துவிட்டதாம்.

இதைப் படித்துவிட்டு நாளைக்கே களியைப் பாதியாக்க நினைப்பவர்கள் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவர்களும் இன்சுலின் ஊசி போடுகிறவர்களும் டாக்டரிடம் சொல்லாமல் மாவுச் சத்தைத் திடீரென்று குறைக்கக் கூடாது. மருந்து பழைய அளவில் இருக்கும், சாப்பாடு குறைந்திருக்கும். சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கி, வியர்த்து, கை நடுங்கி, மயக்கம் வரும். தலையில் மூட்டையோடு, அல்லது தண்டவாளத்தின் ஓரத்தில் அது வந்தால் என்ன ஆகும்?

இரண்டாவது, சிறுநீரகம். நாள்பட்ட சர்க்கரையில் சிறுநீரகம் கெட்டிருந்தாலும் வெளியே தெரியாது. அப்படிக் கெட்டவர்களுக்கு அதிகப் புரதம் ஆகாது. சிறுநீரில் ஆல்புமின், ரத்தத்தில் கிரியேட்டினின் இரண்டையும் பார்த்த பிறகே புரதத்தைக் கூட்ட வேண்டும். திருப்பதி ஸ்விம்ஸ் ஆஸ்பத்திரியில் சிறுநீரகத்துக்குத் தனிப் பிரிவு இருக்கிறது.

நம் மூட்டைக்காரருக்கு அந்தச் சோதனை சரியாக இருந்தது. டாக்டர் மாத்திரை ஒன்றைப் பாதியாகக் குறைத்திருக்கிறார். அடுத்த ரத்தப் பரிசோதனை தை பிறந்ததும். ஊருக்குப் போனால் அண்ணனையும் ஒரு நடை சித்தூருக்கு அழைத்து வந்து காட்ட வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்.