சாவி கைமாறாத கணக்கு

செயலி எழுதிக் கடையில் வைத்தவருக்கு, நேற்று எத்தனை பேர் அதை இறக்கிக்கொண்டார்கள் என்ற கேள்வி இல்லாமல் பொழுது விடியாது. ஆப்பிளின் ஆப் ஸ்டோர் 2008 ஜூலையில் திறந்ததிலிருந்தே இந்த அரிப்பு உண்டு. கடை தரும் அறிக்கையோ வெறும் எண் வரிசை. கணக்கை இணைத்தால் இலவசமாக வரைபடம் போட்டுத் தருகிறோம் என்று புள்ளிவிவர நிறுவனங்கள் நுழைந்தது இங்கேதான்.

அவற்றில் பெரியதாக இருந்தது ஆப் ஆனி. வாடிக்கையாளர்களின் எண்களை, எது யாருடையது என்று தெரியாதபடி கலந்த பிறகே மதிப்பீடுகளுக்குப் பயன்படுத்துவதாக அது சொல்லியிருந்தது. ஆனால் 2014 இறுதி முதல் 2018 நடுப்பகுதி வரை, கலக்காத அசல் எண்களைக் கொண்டே மதிப்பீடுகளைத் திருத்தி முதலீட்டு நிறுவனங்களுக்கு விற்றது என்று 2021 செப்டம்பரில் அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் அறிவித்தது. குற்றத்தை ஏற்காமலும் மறுக்காமலும், நிறுவனமும் அதன் முன்னாள் தலைவரும் ஒரு கோடி டாலருக்கு மேல் கட்டினார்கள்.

இதற்கு மாற்று, நடுவில் ஆளே இல்லாத செயலி. அதை எழுதியவர் சர்வர் எதுவும் வைத்துக்கொள்வதில்லை. கைப்பேசி நேராக ஆப்பிளோடு பேசும். முன்பெல்லாம் இத்தகைய கருவிகளுக்குக் கணக்கின் கடவுச்சொல்லையே கொடுக்க வேண்டியிருந்தது. 2018-ல் அறிவிக்கப்பட்ட ஆப் ஸ்டோர் கனெக்ட் ஏபிஐ, அதாவது செயலிகள் ஆப்பிளின் கணக்கோடு நேராகப் பேசும் வழி, கடவுச்சொல்லுக்குப் பதிலாக ஒரு தனிச் சாவியைத் தருகிறது. சின்னக் கோப்புதான். விற்பனை அறிக்கையைப் படிக்க மட்டும் உரிமை கொடுத்து அதை உருவாக்கலாம். சந்தேகம் வந்தால் ரத்து செய்யலாம். ஒரே முறைதான் இறக்க முடியும், ஏனென்றால் ஆப்பிள் அதன் பிரதியை வைத்துக்கொள்வதில்லை.

பிரதி இல்லாமல், கேட்பவரிடம் உள்ளது சரியான சாவிதான் என்று ஆப்பிளுக்கு எப்படித் தெரியும்?

சாவி என்பது உண்மையில் ஒரு ராட்சத எண். எழுதினால் 77, 78 இலக்கம் வரும். பி-256 என்ற வளைவின் மேல், எல்லோருக்கும் தெரிந்த ஒரு புள்ளி இருக்கிறது. அந்தப் புள்ளியை அதனோடேயே அத்தனை முறை ‘கூட்டினால்’ வேறொரு புள்ளியில் போய் நிற்போம். ஆப்பிள் வைத்திருப்பது இந்தக் கடைசிப் புள்ளியை மட்டும். இரட்டித்து இரட்டித்துப் போகலாம் என்பதால் கைப்பேசி அங்கே கண்ணிமைக்கும் முன் போய்விடும். கடைசிப் புள்ளியை வைத்துக்கொண்டு எத்தனை முறை கூட்டினார்கள் என்று கண்டுபிடிக்க இன்றைய கணினிகளுக்கு நடைமுறையில் வழியில்லை. இந்த ஒருவழிப் பயணம் ரகசியம் காக்க உதவும் என்று நீல் கோப்லிட்ஸும் விக்டர் மில்லரும் 1985-ல் தனித்தனியே முன்வைத்தார்கள்.

செயலி ஒரு சீட்டு எழுதுகிறது: கேட்பது யார், எந்தச் சாவி, எதுவரை செல்லும். அதன் கீழே சாவியால் 64 பைட் கையெழுத்துப் போட்டு அனுப்புகிறது. கடைசிப் புள்ளியை வைத்தே கையெழுத்தைச் சரிபார்த்துவிடலாம். வழக்கமாக சீட்டின் ஆயுள் அதிகபட்சம் 20 நிமிடம், ஆகவே வழியில் யாராவது பறித்தாலும் நெடுநாள் உதவாது. சாவி கைப்பேசியை விட்டு அசைவதே இல்லை. ஆனால் ஒவ்வொரு கையெழுத்துக்கும் புதிதாக ஒரு ரகசிய எண் வேண்டும். பிளேஸ்டேஷன் 3-ல் சோனி ஒரே எண்ணைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தியதால், கையெழுத்துகளை வைத்தே பள்ளிக்கூட அல்ஜீப்ரா அளவிலான கணக்கில் சாவியைக் கறந்துவிடலாம் என்று 2010 டிசம்பரில் ஹேக்கர்கள் காட்டினார்கள்.

பதிலாக வருவது சுருக்கி அடைத்த ஒரு அட்டவணை: நாடு, நாணயம், எண்ணிக்கை, வருமானம். வாங்கியவர் பெயர் இருக்காது. எண்ணிக்கைப் பத்தியை அப்படியே கூட்டினால் தலைகால் புரியாத சந்தோஷம் வரும். பழைய பயனர்கள் புதுப்பித்ததும், முன்பு அழித்தவர்கள் மறுபடி இறக்கியதும் அதில் சேர்ந்தே இருக்கும். வகைக்குறி 1-ல் தொடங்குவது முதல் பதிவிறக்கம், 3 மறுபதிவிறக்கம், 7 புதுப்பிப்பு. பிரித்த பிறகுதான் நிஜம் தெரியும். பெரும்பாலும் அது சிறிய எண்.

இவ்வளவு செய்தும் இந்தச் செயலியால் ஒன்றைக் காட்ட முடியாது: போட்டியாளரின் செயலி நேற்று எத்தனை விற்றது என்பதை. அதற்கு அவருடைய கணக்கையும் யாராவது பார்த்திருக்க வேண்டும்.