வடகரையில் வெளிச்சம்

கப்பலூர்ச் சுங்கச்சாவடியைப் பின்னே விட்டு, திருப்பரங்குன்றம் வழியாக விடியுமுன் மதுரையை அடைந்து, வைகையின் வடகரையில் ஆல்பர்ட் விக்டர் பாலத்தருகே காமிராவும் கையுமாக இறங்கி நிற்பதை ஞாயிறுதோறும் ஒரு விரதம்போல அநுஷ்டித்து வருகிறேன் என்றால், புகைப்படக் கலையில் எனக்குள்ள சிரத்தையை வாசகர்கள் மிகையாக மதித்துவிடக்கூடும். அதில் பாதி கோரிப்பாளையத்துத் தேநீரைச் சாரும்.

1889-ல் எழுந்த இந்தப் பாலம் தோன்றுவதற்கு வெகு முன்னரே, 1858-ல், சென்னை அரசாங்கத்தின் புகைப்படக்காரராக இருந்த காப்டன் லின்னேயஸ் டிரைப், ஆற்றின் குறுக்கே கிடந்த தாழ்ந்த தரைப்பாலத்தையும் அதற்கப்பால் மதுரையையும் படம் பிடித்திருக்கிறார். மெழுகேற்றிய காகிதமே அவருக்கு நெகடிவ். வெளிச்சத்தை மந்தமாகவே பருகும் அந்தக் காகிதத்தில் ஆகாயம் வெறும் வெளுப்பாக விழுந்துவிடுமாதலால், நெகடிவின்மேல் தூரிகையால் மேகங்களைத் தீட்டிச் சேர்ப்பதும் அவருக்கு வழக்கமாயிருந்தது. இதை மோசடி என்பாரோடு நான் சம்மதிப்பதில்லை. நம் கைப்பேசிகள் கேளாமலே செய்வதை அவர் கை வலிக்கச் செய்தார், அவ்வளவே.

வடகரையில் நிற்பவனுக்கு உண்மையான சங்கடம் சூரியன்தான். மதுரை பூமத்தியரேகைக்கு வடக்கே ஏறக்குறைய 10 பாகையில் இருப்பதால், சித்திரை பிறந்தது முதல் ஆவணித் தொடக்கம் வரையில்தான் நடுப்பகலில் கதிரவன் நமக்கு வடபுறமாகச் சாய்கிறான்; மற்ற மாதங்களில் மீனாட்சி கோயில் கோபுரங்களின் வடமுகம் பெரும்பாலும் நிழலிலேயே கிடக்கும். திருவிழாவில் ஆற்றில் இறங்கும் கள்ளழகருக்காக அணையிலிருந்து தண்ணீர் திறந்துவிடப்படுவதும் அந்தச் சித்திரையிலேதான். ஆக, வெளிச்சமும் நீரும் ஒருசேர வாய்க்கும் பருவம் ஒன்றே, அன்றோ ஜனசமுத்திரத்தில் முக்காலியை ஊன்ற இடமிராது.

புதுமை நாடுவோருக்குப் புது நத்தம் சாலையில் 2023-ல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. அதன் கண்ணாடி முகப்பு மாலையில் அழகுதான். ஆனால் எந்த நகரத்திலும் அது நின்றிருக்கலாம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

சென்ற வாரம் மணல்திட்டில் ஓர் இளைஞன், “அண்ணே, செத்த ஒதுங்கிக்கிறீகளா? பாலம் மறைக்குது” என்றான். ஒதுங்கினேன். எடுத்ததைக் காட்டினான்: வளைவுகள், கோபுர நுனி, நீல வானம். ஆற்றைக் காணோம்.

“ஆகாயத்தாமரையா கெடக்குதுண்ணே, கீழ வெட்டிட்டேன்.”

என் படத்தில் ஆறு கால்பங்கு இருந்தது. அதிலும் நடுவே ஓர் எருமை, சரியாக அந்தக் கணத்தில் தலையைத் திருப்பிக்கொண்டது.