பசுமைத் தொழிலும் பஞ்சாயத்தும்

நிலத்தையும் நீரையும் கெடாமல் காத்து, அவற்றின் விளைபொருளைக்கொண்டு வருவாய் தேடும் முயற்சியையே பசுமைத் தொழில் என்கிறோம். முதலீடு குறைந்த கிராமங்களுக்கும் இது எட்டாக் கனியன்று. தருமபுரி மாவட்டமே இதற்குச் சான்று.

அரூர் வட்டாரத்தில், கல்வராயன் மலைக்கும் சித்தேரி மலைக்கும் இடையே அமைந்தது சிட்டிலிங்கிப் பள்ளத்தாக்கு. 1993-ஆம் ஆண்டு டாக்டர் ரெஜி ஜார்ஜும் அவர் துணைவியார் டாக்டர் லலிதாவும் அங்குள்ள பழங்குடி மக்களுக்கு மருத்துவப் பணியைத் தொடங்கினர். உடல்நலம் நிலைக்க வருவாயும் வேண்டுமன்றோ? 2004-ஆம் ஆண்டையொட்டி, ஒரு சில விவசாயிகளைக் கொண்டு இயற்கை விவசாயிகள் சங்கம் உருவாயிற்று. இன்று நூற்றுக்கணக்கான குடும்பங்கள் அதில் சேர்ந்துள்ளன. சாமை, கேழ்வரகு, மஞ்சள் முதலியவற்றை விளைந்தபடியே விற்பதோடு நில்லாமல், அரிசியாகவும் மாவாகவும் பொடியாகவும் ஆக்கி விற்கின்றனர். லம்பாடிப் பெண்களோ 'போர்கை' என்னும் அமைப்பின் வாயிலாக, இயற்கைப் பருத்தித் துணியில் தம் மரபுப் பூத்தையலைச் செய்து விற்கின்றனர்.

ஆயினும், இத்தொழிலின் இடையூறுகள் சிறியனவல்ல. முதலாவது, காத்திருக்கும் காலம். ரசாயன உரத்தை நிறுத்தியவுடனே இயற்கை விளைபொருள் என்ற சான்று கிடைத்துவிடாது. தேசிய விதிகளின்படி, ஓராண்டுப் பயிர்களுக்குப் பொதுவாக இரண்டாண்டும், மா போன்ற மரப்பயிர்களுக்கு மூன்றாண்டும் மாற்றக் காலம் உண்டு. அக்காலத்தில் மகசூல் குறையக்கூடும். விலையோ சாதாரண விலையே. கடன்பட்ட சிறு விவசாயி மனம் தளர்வது இங்கேதான்.

இரண்டாவது, பக்குவப்படுத்துதல். சாமையின் உமியை நீக்க நெல் ஆலை உதவாது. தனி இயந்திரம் தேவை. சாலையில் காயவைத்தால் தானியத்தில் பொடிக்கல் சேர்கிறது. அது சாமை மணியின் அளவே இருப்பதால் பிரித்தெடுப்பது அரிது. கல் கலந்த அரிசியை ஒருமுறை வாங்கியவர் மறுமுறை வாங்குவதில்லை.

தனியொருவர் தாங்க இயலாத இச்சுமையைப் பலர் சேர்ந்தால் தாங்கலாம். ஐந்து விவசாயிகள் குழுவாகக் கூடி, ஒருவர் வயலை மற்றவர் பார்வையிட்டு உறுதி கூறும் பங்கேற்பு உத்தரவாத முறையில், குறைந்த செலவில் உள்நாட்டு விற்பனைக்குச் சான்று பெறலாம். மாற்றக் காலத்து விளைபொருளுக்கும் அதில் தனி முத்திரை உண்டு. ஏற்றுமதிக்கு ஏற்ற சான்றினை, கோயம்புத்தூரிலுள்ள விதைச் சான்று மற்றும் அங்ககச் சான்றளிப்புத் துறை வழங்குகிறது. 2002-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் வகுத்த வழியில், உற்பத்தியாளர் பதின்மர் சேர்ந்து தமக்கென ஒரு கம்பெனியும் அமைக்கலாம்.

பஞ்சாயத்து உறுப்பினர்களுக்கு நாம் கூற விரும்புவது இதுவே: பெரிய திட்டங்களுக்காகக் காத்திராமல், ஊருக்கு ஓர் உலர்களம், ஒரு கிடங்கு, ஐவர் கொண்ட ஒரு குழு என்று தொடங்குங்கள். அடுத்த சாமை அறுவடை களத்திலே காயட்டும், சாலையில் வேண்டாம்.